ரீச்சரிட்ட கேளுங்கோ: புதுக் கல்விச் சீர்திருத்தமும் எங்கட பிள்ளையளும்

இந்த மாசம் வந்த கடிதம், வாட்ஸ்அப் வொய்ஸ் எல்லாத்திலயும் முக்கால்வாசி ஒரே விஷயம்தான், பள்ளிக்கூடத்தில என்ன மாறுது, எங்கட பிள்ளைக்கு என்ன ஆகும் எண்டு. அதால இந்த முறை வேற கேள்வியள் ஒண்டும் எடுக்கேல்ல.

கேள்வி: ரீச்சர், என்ட மகள் இந்த வருஷம் ஆறாம் ஆண்டு. போன வருஷம் முழுக்க புது மொடியூல் வருது எண்டு சொன்னாங்க, இப்ப இல்லையாம், பழைய புத்தகம்தானாம். ஆனா டவுனில ஒரு ரியூசன்ல "புதிய மொடியூல் கிளாஸ்" எண்டு தனியா காசு வாங்குறாங்க. சேர்க்கவா?
- ஒரு தாய், உவர்மலை

பதில்: சேர்க்காதீங்க தங்கச்சி. நடந்தது இதுதான். தரம் 1உம் தரம் 6உம் 2026இல ஒண்டா தொடங்குறதாத்தான் திட்டம். ஆறாம் தர ஆங்கில மொடியூலில பிள்ளையள் பார்க்கக்கூடாத ஒரு வெப்சைட் முகவரி அச்சாகி வந்திட்டுது, அது பெரிய பிரச்சினையாகி பாராளுமன்றம் வரைக்கும் போய், கடைசியில 2026 ஜனவரியில ஆறாம் தரத்தை 2027க்கு தள்ளிப்போட்டாங்க. தரம் 1 மட்டும் 2026இல தொடங்கினது. அப்ப புது முறை வாறது 2027இல ஆறாம் தரத்துக்கு வாற பிள்ளையளுக்கு, உங்கட மகள் அப்ப ஏழாம் தரத்தில இருப்பா. இல்லாத பாடத்துக்கு என்னத்துக்கு காசு?

இன்னொண்டும் சொல்லோணும். மொடியூல் எண்டா பெரிய புத்தகத்தை வருஷம் முழுக்க காவாம சின்னச் சின்ன பகுதியா பிரிச்சு, செய்து பார்த்துப் படிச்சு, வகுப்பில இருக்கிற ரீச்சரே தவணை முழுக்க பார்த்து மதிப்பிடுறது. அதுக்கு ரியூசன் கொட்டிலில நோட்ஸ் போட்டுக் குடுத்து பாடமாக்க வைச்சா பிறகு மாத்தினதில என்ன பிரயோசனம்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற அரச ஊழியன். ஒவ்வொரு அரசாங்கமும் வந்து கல்வியை மாத்துது, பிறகு அடுத்தவன் வந்து திருப்புறான். இதுவும் அப்பிடித்தானே போகும்?
- ஒரு வாசகர், தம்பலகாமம்

பதில்: உங்கட சந்தேகம் ஞாயமானது ஐயா. 1972இல வந்த மாற்றம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஓ.எல். எண்ட சாதாரண தரச் சோதினையை எடுத்துப்போட்டு தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ் எண்டு ஒண்டு கொண்டு வந்தாங்க, தொழில்முன்னிலைப் பாடம் எண்டு கைவேலையும் வகுப்புக்குள்ள வந்திச்சு. நான் அந்த முறையில படிச்ச பிள்ளை, மண்ணிலயும் மரத்திலயும் கை வைச்சுப் படிச்சது இண்டைக்கும் எனக்கு பிடிச்ச பாடம். ஆனா 1977இல ஆட்சி மாற திரும்ப ஓ.எல். வந்திட்டுது. யோசனை பிழை எண்டு நான் சொல்லமாட்டன், படிப்பிக்க ஆள் இல்லாம, தாய் தகப்பனுக்கு விளங்கப்படுத்தாம கொண்டு வந்ததுதான் பிழை.

1998இல தொடங்கின சீர்திருத்தம் அப்பிடி இல்ல, ஆரம்பப் பிரிவில நிலைச்சு நிண்டிட்டுது. முதலாம் வகுப்பில பாட்டு, விளையாட்டு, செயற்பாடு எண்டு இண்டைக்கு நாங்கள் சாதாரணமா பார்க்கிறதெல்லாம் அதோட வந்ததுதான். மேல் வகுப்புக்கு வந்த பாடசாலை மட்டக் கணிப்பீடுதான் கெட்டுப்போச்சுது, செயற்றிட்டம் குடுத்தா பிள்ளை செய்யாது, தாய் ராத்திரி முழிச்சிருந்து செய்வா, இல்லாட்டி கடையில காசு குடுத்து செய்விப்பாங்க, ரீச்சரும் அதுக்கு மார்க்ஸ் போடுவா. இப்ப வாற முறையும் வகுப்பறை மதிப்பீட்டை நம்பித்தான் நிக்குது எண்டபடியா எனக்கு இருக்கிற பெரிய பயம் அதுதான் ஐயா.

கேள்வி: மிஸ், நான் புதுசா நியமனம் கிடைச்சு வந்த ஆசிரியை. எங்கட பள்ளிக்கூடத்தில அஞ்சு வகுப்புக்கு மூண்டு பேர்தான். மொடியூல், கிரெடிட் (ஒவ்வொரு மொடியூலுக்கும் இத்தனை எண்டு குடுக்கிற அலகு), ஜீபிஏ (அதையெல்லாம் சேர்த்துப் பார்க்கிற சராசரிப் புள்ளி) எண்டு பயிற்சியில சொல்றாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு, எங்களால எப்பிடி ஏலும்?
- ஒரு ஆசிரியை, வெருகல் பக்கம்

பதில்: மகள், உங்கட கேள்விக்குத்தான் நான் இந்தப் பக்கத்தில கூட இடம் எடுக்கப்போறன், ஏனெண்டா இந்தச் சீர்திருத்தம் வெல்லுறதும் தோக்குறதும் கொழும்பில இல்ல, நீங்க நிக்கிற வகுப்பிலதான்.

நாட்டில ஏறக்குறைய பத்தாயிரம் அரச பள்ளிக்கூடம் இருக்கு. அதில ஏ.எல். எண்ட உயர்தரத்தில எல்லா பிரிவும் படிக்கலாம் எண்டு இருக்கிற 1ஏபி பள்ளிக்கூடம் பத்தில ஒண்டுதான். தேசிய பாடசாலையள் மத்திய அமைச்சுக்கு கீழ, மிச்சம் எல்லாம் மாகாணத்துக்கு கீழ. பாடத்திட்டம் மகரகமையில தேசிய கல்வி நிறுவகத்தில எழுதுறாங்க, ஆசிரியரை அனுப்புறதும் இடமாற்றம் குடுக்கிறதும் மாகாணம். அங்க எழுதுற ஆளுக்கு உங்கட வகுப்பில மூண்டாம் ஆண்டும் நாலாம் ஆண்டும் ஒரே பலகையைப் பார்த்து இருக்கிறது தெரியாது, இங்க ஆள் போடுறவங்களுக்கு மொடியூலுக்கு எவ்வளவு நேரம் வேணும் எண்டு தெரியாது. ரெண்டு பேரும் ஒரு மேசையில இருந்து கதைக்கோணும், இல்லாட்டி எவ்வளவு நல்ல பாடத்திட்டம் வந்தாலும் டவுன் பக்கம் உவர்மலையில ஒண்டா நடக்கும், வெருகலில வேற ஒண்டா நடக்கும்.

2025இல பள்ளிக்கூடத்தை அரை மணித்தியாலம் கூட்டி ரெண்டு மணி வரைக்கும் நடத்துறது எண்ட கதை வந்தப்ப ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தாங்க, சில பேர் அதை சோம்பல் எண்டு பேசினாங்க. எனக்கு அந்தப் பேச்சு சரியான கவலை. டவுனில அரை மணித்தியாலம் அரை மணித்தியாலம்தான். ஈச்சிலம்பற்றுப் பக்கம் ஒரு பஸ் போனா அடுத்த பஸ் எப்ப எண்டு பார்த்துக்கொண்டு நிக்கிற ஆளுக்கு, யானை வாற ரோட்டால பொழுது சாய முதல் வீட்டுக்குப் போகோணும் எண்டு ஓடுற பிள்ளைக்கு அது வேற கணக்கு. 2021 நவம்பர் 23 காலமை கிண்ணியா குறிஞ்சாக்கேணியில பாலம் இல்லாத இடத்தில ஓடின மிதவை கவிழ்ந்து, பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்ட எங்கட சின்னப் பிள்ளையள் போய்ச் சேராமலே போயிட்டாங்க. கல்விச் சீர்திருத்தம் எண்டு கதைக்கேக்க பாலமும் பஸ்ஸும் அதுக்குள்ள வரோணும் எண்டு நான் எந்த மேடையிலயும் சொல்லுவன். 2025 நவம்பரில டித்வா புயலோட மகாவலி பெருகி மூதூர், வெருகல் எல்லாம் தண்ணிக்குள்ள கிடந்ததையும் நீங்க கண்ணால பார்த்திருப்பீங்க. நனைஞ்சு போன பள்ளிக்கூடத்துக்கு முதல் தேவை காய்ஞ்ச புத்தக அலுமாரி, ஸ்மார்ட் போர்ட் பிறகு வரட்டும்.

சரி, நீங்க என்ன செய்யலாம். மூண்டு பேர்தான் எண்டா ரெண்டு வகுப்பை ஒண்டா இருத்தி ஒரே கருப்பொருளை எடுங்கோ, சின்னவங்களுக்கு ஒரு வேலை பெரியவங்களுக்கு ஒரு வேலை. வெருகல் ஆறு முன்னால ஓடுது, ஆற்றை வைச்சே கணக்கும் படிப்பிக்கலாம் சுற்றாடலும் படிப்பிக்கலாம், சின்னவங்கள் கரையில கண்டதை வரையட்டும், பெரியவங்கள் மாசா மாசம் தண்ணி மட்டத்தை கேட்டு எழுதி வரைபு கீறட்டும். ஆசிரிய ஆலோசகர் வந்தா பதிவுப் புத்தகத்தை மட்டும் காட்டி அனுப்பாம ஒரு பாடத்தை அவரை எடுத்துக் காட்டச் சொல்லுங்கோ, அது உங்கட உரிமை. ஆள் இல்லாத பாடத்தை எல்லாம் மாசம் மாசம் எழுத்தில வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புங்கோ, அதிபரிட கையெழுத்தோட, வாயால சொன்னது கணக்கில வராது. முக்கியமா, செயற்பாட்டை வீட்டுக்கு குடுத்து விடாதீங்க. வகுப்பில அரைவாசி செய்தாலும் பரவாயில்ல, பிள்ளைட கையால நடக்கட்டும்.

கேள்வி: என்ட மகன் இந்த வருஷம் முதலாம் ஆண்டு. எழுத்து ஒண்டும் குடுக்கிறாங்க இல்ல, விளையாட்டும் பாட்டும்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளை நேர்சரியிலயே ஒரு பந்தி எழுதுது. என்ட பிள்ளை பின்னுக்கு போயிடுமா?
- ஒரு அம்மா, நிலாவெளி

பதில்: போகாது. அஞ்சு வயசு விரலுக்கு பென்சிலை இறுக்கிப் பிடிக்கிற பலம் வர நேரம் எடுக்கும், மண்ணில கீறி, களி பிசைஞ்சு, கத்தரிக்கோலால வெட்டித்தான் அந்தப் பலம் வரும். ராவில ஒரு கதை சொல்லுங்கோ, கடற்கரைக்கு கூட்டிக்கொண்டு போய் சிப்பி எண்ண விடுங்கோ. பக்கத்து வீட்டுப் பிள்ளையோட ஒப்பிடுறதை மட்டும் நிப்பாட்டுங்கோ தங்கச்சி.

கேள்வி: சலாம் ரீச்சர். நான் இந்த வருஷம் ஓ.எல். எடுக்கிறன். பாடம் ஏழாக் குறையுமாம், வரலாற்றையும் சித்திரத்தையும் எடுக்கிறாங்களாம். எனக்கு பாதிப்பு இருக்கா?
- ஒரு மாணவன், கிண்ணியா

பதில்: வஅலைக்கும் சலாம் மகன். உங்களுக்கு ஒரு மாற்றமும் இல்ல, ஒன்பது பாடம்தான், இருந்து படியுங்கோ. ஏழு பாடம் எண்டது, அஞ்சு கட்டாயம் ரெண்டு விருப்பம் எண்ட யோசனை, பின்னால வாற பிள்ளையளுக்கு. வரலாறும் அழகியலும் போகப்போகுது எண்ட சர்ச்சை 2025 ஜூலையில பெரிசா வந்தது, அப்பிடி நீக்கேல்ல எண்டு பிரதமரும் கல்வி அமைச்சருமான ஹரிணி அமரசூரிய பாராளுமன்றத்தில சொன்னவ. ஆனா விருப்பப் பாடமாப் போனா ரீச்சர் இல்லாத பள்ளிக்கூடத்தில அந்தப் பாடம் தன்ட பாட்டில இல்லாமப் போகும், அதை பெற்றோர் சங்கம் இப்பவே கேட்டு வைக்கோணும்.

கேள்வி: நான் கடல் தொழில் செய்யிறன். மகள் அஞ்சாம் ஆண்டு. ஸ்கொலர்ஷிப் சோதினையை நிப்பாட்டப்போறாங்களா? பிள்ளை காலமை ரியூசன், பின்னேரம் ரியூசன் எண்டு காய்ஞ்சு போச்சு.
- ஒரு தகப்பன், சல்லி

பதில்: தம்பி, இந்த வருஷம் சோதினை இருக்கு எண்டு நினைச்சே நடந்துகொள்ளுங்கோ. கன்னங்கரா கல்வி அமைச்சரா இருந்த காலத்தில இலவசக் கல்வியோட, ஏழைப் பிள்ளைக்கு மத்திய கல்லூரியில இடம் கிடைக்கட்டும் எண்டு வந்த சோதினை இது. இப்ப அது ரியூசனுக்கு காசு கட்டக்கூடியவங்கட போட்டியாப் போச்சு, எனக்கு மனசு பத்துற விஷயம் இது. சோதினையை வெறுமன எடுத்தாலும் சரிவராது, டவுன் பள்ளிக்கூடத்துக்கும் சல்லிப் பள்ளிக்கூடத்துக்கும் இடையில இருக்கிற வித்தியாசம் இருக்கிற மட்டும் சனம் வேற வழியால முண்டும். வெட்டுப்புள்ளி எடுக்காட்டி உங்கட மகள் கெட்டிக்காரி இல்ல எண்டு ஆகாது. ஒரு ரியூசனை நிப்பாட்டி அந்த நேரம் நித்திரை கொள்ள விடுங்கோ. பழைய பேப்பரை நேரம் பார்த்து வீட்டில செய்யட்டும், நீங்க பக்கத்தில இருந்தாலே காணும்.

கேள்வி: மகளுக்கு ஓ.எல். கணக்கு ரெண்டு தரமும் போயிட்டுது. இனி வீட்டில இருக்கட்டும் எண்டு மாமியார் சொல்றா. கார்மெண்ட்ஸுக்கு அனுப்புற யோசனையும் இருக்கு.
- ஒரு தாய், மூதூர்

பதில்: வீட்டிலயும் வைக்க வேண்டாம், அவசரப்பட்டு அனுப்பவும் வேண்டாம். 2017இல தொடங்கின 13 வருட உத்தரவாதக் கல்வி எண்டு ஒண்டு இருக்கு, ஓ.எல். சித்தி இல்லாட்டியும் ஏ.எல். வகுப்பில தொழில் பாடம் படிக்கலாம், சிறுவர் உளவியலும் பராமரிப்பும் மாதிரி பாடங்கள் இருக்கு, முடிவில என்.வி.கியூ. 4 எண்ட தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். எல்லாப் பள்ளிக்கூடத்திலயும் இல்ல. பெறுபேற்றுத் தாளையும் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு மகளையும் கூட்டிக்கொண்டு மூதூர் வலயக் கல்வி அலுவலகத்துக்கு போய், தொழில் பிரிவு எந்தப் பள்ளிக்கூடத்தில நடக்குது, எப்ப சேர்க்கிறாங்க எண்டு கேளுங்கோ. மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கோ, அவவும் நேர கேட்கட்டும். கணக்கு மூண்டாம் தரமும் எழுதலாம், அந்த விண்ணப்பத்தையும் விட்டுடாதீங்க.