நீர்த்தேக்க மீனவர்கள் தங்களுக்குள்ளேயே காப்புறுதி நடத்த முடியுமா?

இலங்கை மலையகத்தின் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் மீன்பிடிக்கும் சிலர் சேர்ந்து, வள்ளத்துக்கும் வலைக்கும் தாங்களே காப்புறுதி தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வலைக்குத் தொடங்கலாம். வள்ளத்துக்கு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

நம் தேயிலைத் தோட்டங்களில் மரண உதவிச் சங்கங்கள் பல காலமாக நிலைத்திருக்கின்றன. எல்லா வீட்டிலும் ஒரே நாளில் சாவு விழுவதில்லை. அதனால்தான் ஒரு வீட்டின் சுமையை மற்ற வீடுகள் தாங்குகின்றன. ஒரே கரையில் கட்டிக் கிடக்கும் வள்ளங்கள் அப்படியல்ல. தென்மேற்குப் பருவத்தில் ஓர் இரவுக் காற்று எல்லாவற்றையும் உடைத்துவிடும். அன்று கொடுக்க வேண்டியவரும் வாங்க வேண்டியவரும் ஒருவரே. 2004 சுனாமியில் நம் கரையோர மீன்பிடிக் கலங்களில் பெரும்பகுதி ஒரே காலையில் அழிந்தோ சேதமடைந்தோ போனது. எந்த ஊர்ச் சங்கத்தின் பெட்டி அதைத் தாங்கியிருக்கும்?

ஜப்பானியர்கள் இதை முன்பே உணர்ந்திருந்தார்கள். 1937 இல் சட்டம் இயற்றி மீன்பிடிப் படகுக் காப்புறுதிச் சங்கங்களை அமைத்தபோதே, அவற்றுக்குப் பின்னால் மீள்காப்புறுதி, அதாவது காப்புறுதி கொடுக்கும் சங்கத்துக்கே ஒரு காப்புறுதி, கொடுத்து அரசு நின்றது. 1964 இல் பிடிபாடு குறைவதற்கும் ஈடு தரத் தனிச் சட்டம் வந்தது. வறட்சியில் நீர் வற்றி, நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும் மாதங்களை நினைத்தால், அதன் அருமை உங்களுக்கே புரியும். 2017 இல் ஜப்பானின் வட்டாரப் படகுக் காப்புறுதிச் சங்கங்கள் ஒன்றாகவே இணைந்துவிட்டன. எண்பது ஆண்டு அனுபவம் அவர்களை இன்னும் பெரிய கூட்டுக்குத்தான் கொண்டுசென்றது.

ஆகவே கிழிந்த வலை, திருட்டுப்போன வலை போன்ற சிறு இழப்புகளைச் சங்கம் ஏற்கட்டும். மாதச் சந்தாவைவிட, விற்கும் ஒவ்வொரு கிலோ மீனுக்கும் ஒரு சிறு தொகையைச் சங்கத்திலேயே பிடித்துக்கொள்வது நல்லது. மீன் இல்லாத மாதத்தில் கடன் ஏறாது. இழப்பில் ஒரு பங்கை உரிமையாளரும் சுமக்க வேண்டும். இல்லையென்றால் வலையைக் கவனமாகப் பார்த்துக்கொள்பவர், பார்த்துக்கொள்ளாதவருக்காகப் பணம் கட்டிக்கொண்டே இருப்பார். வள்ளங்களுக்குச் சங்கத்தின் பெயரில், பதிவுபெற்ற நிறுவனம் ஒன்றிடம் கூட்டாகக் காப்புறுதி கேளுங்கள்.

சட்டத்தையும் பாருங்கள். 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டப்படி, பதிவில்லாமல் காப்புறுதித் தொழில் நடத்தக் கூடாது. எனவே இதைக் கூட்டுறவுச் சங்கத்தின் உதவி நிதியாக அமையுங்கள்; துணைவிதிகளை (சங்கத்தின் உள்விதிகளை) முடிவாக்குமுன் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்கள அலுவலரிடம் காட்டுங்கள். உயிரிழப்பையும் உடல் ஊனத்தையும் இந்த நிதியில் ஏற்றாதீர்கள். அவற்றுக்காகவே 1990 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டத்தில் மீனவர் ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்புத் திட்டம் வந்தது. கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபையில் விசாரியுங்கள்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கேட்கிறேன். வள்ளம் உடைந்தால் உரிமையாளருக்கு ஈடு கிடைக்கும். அதே வள்ளத்தில் கூலிக்கு வலை இழுத்தவருக்கு எதுவும் கிடைக்காது. அவரையும் அங்கத்தவராகச் சேர்த்து, வள்ளம் திருத்தப்படும் நாட்களுக்கு அவருடைய கூலியில் ஒரு பகுதியை இந்த நிதியிலிருந்து கொடுக்கும்படி முதல் கூட்டத்திலேயே விதி எழுதிவிடுங்கள்.