அன்றாட ஓட்டத்துக்கும் கொல்லிமலைத் தோட்டப் பாதைக்கும் ஒரே வண்டி: ஹைலக்ஸ் வாங்குவதா, வி-கிராஸ் வாங்குவதா?

நாமக்கல்லில் வீடு, நாள்தோறும் பதினைந்து கிலோமீட்டர் அலுவலகப் பயணம், வாரக் கடைசியில் கொல்லிமலையில் உள்ள மிளகு, காப்பித் தோட்டம், வீட்டில் இரண்டு பிள்ளைகளும் எழுபது வயதைக் கடந்த தாயாரும். இத்தனைக்கும் ஒரே வண்டியாக, பின்னால் திறந்த சரக்குப் பெட்டி உள்ள பிக்கப்களில், டொயோட்டா ஹைலக்ஸை வாங்குவதா, இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸை வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். தார்ச்சாலையை விட்டு இறங்கித் தோட்டத்துக்குள் செல்லும் அந்தக் கடைசிப் பாதை எப்படிப்பட்டது என்பதுதான் இதில் முடிவு சொல்லும். அது மழைக்காலத்தில் சேறும் ஆழமான தடமுமாக மாறுவது உண்மையானால் ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக்கை வாங்குங்கள். கல் பாவிய செங்குத்தான ஏற்றம் மட்டும்தான் என்றால் வி-கிராஸின் 4×4 (நான்கு சக்கர இயக்கம்) மேனுவல் போதும். மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை டயருக்குச் செலவிடலாம்.

சேர்வராயன் மலையில் எங்களுக்கும் காப்பித் தோட்டம் இருக்கிறது. என்னிடம் இருப்பது வி-கிராஸ் 4×4. என் மைத்துனரிடம் இருப்பது ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக். இரண்டையும் ஒரே பாதையில் ஏற்றி இறக்கிப் பழகியிருப்பதால், விற்பனைக் கையேட்டில் இல்லாத சிலவற்றையும் சேர்த்துச் சொல்ல முடிகிறது.

முதலில் இரண்டுக்கும் பொதுவானதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் ஏணிச் சட்டத்தின் மேல் கட்டப்பட்ட வண்டிகள்; இரண்டிலும் முன்புறம் காயில் ஸ்பிரிங், பின்புறம் லீஃப் ஸ்பிரிங்; இரண்டிலும் பின் சக்கரங்களுக்கு டிரம் பிரேக்தான். 4×4 வகைகளில் 2எச், 4எச், 4எல் என மூன்று நிலைகள் உண்டு. சாதாரண ஓட்டத்துக்கான 2எச்சில் பின் சக்கரங்கள் மட்டுமே வண்டியைத் தள்ளும். 4எச் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் இறுகப் பிணைக்கப்படும். நடுவில் டிஃபரன்ஷியல் (இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) இல்லாததால் காய்ந்த தார்ச்சாலையில் 4எச்சில் ஓட்டினால், வளைவுகளில் இரு அச்சுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல முடியாமல் ஒன்றையொன்று முறுக்கும். எனவே மழை பெய்து நனைந்த மலைச்சாலையில் 4எச் போட்டால் பாதுகாப்பு கூடும் என்று எண்ணிக் கொண்டை ஊசி வளைவுகளில் அதிலேயே ஓட்டாதீர்கள். தார் இருக்கும் வரை 2எச், மண் தொடங்கியதும் 4எச், வழுக்கும் ஏற்ற இறக்கத்தில் வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைத்து, நான்கு சக்கரங்களையும் தாழ்ந்த கியரில் மெதுவாக, கூடுதல் இழுவையுடன் ஓட்டும் 4எல். இவ்வளவுதான் முறை.

இனி வேறுபாடு. இந்தியாவில் விற்கப்படும் ஹைலக்ஸில் பின் அச்சுக்கு டிஃபரன்ஷியல் லாக், அதாவது இரண்டு பின் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிச் சுழல வைக்கும் அமைப்பு, உண்டு. இங்கே விற்கப்பட்டு வந்த வி-கிராஸில் அது இல்லை. கரடுமுரடான பாதையில் இந்த இரண்டு வண்டிகளையும் பிரிப்பது குதிரைத்திறனைக் காட்டிலும் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் தோட்டத்தில் ஓடையை ஒட்டி ஓர் ஏற்றம் இருக்கிறது. மழைநீர் பாதையைக் குறுக்காக அறுத்துக்கொண்டு ஓடுவதால், அங்கே இடது முன் சக்கரமும் வலது பின் சக்கரமும் ஒரே நேரத்தில் பள்ளத்தில் இறங்கும். மற்ற இரண்டு சக்கரங்கள்தான் வண்டியின் எடை முழுவதையும் தாங்கும். டிஃபரன்ஷியலின் இயல்பு, எந்தச் சக்கரத்துக்குத் தடை குறைவோ அதைச் சுழல விடுவது. ஆகவே எடை இல்லாத சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுழலும், எடையைத் தாங்கும் சக்கரங்கள் அசையாமல் நிற்கும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அதே இடத்தில் ஹைலக்ஸை 4எல்லில் வைத்து லாக் பொத்தானை அழுத்தினால் டாஷ்போர்டில் ஒரு விளக்கு மினுக்கத் தொடங்குகிறது. ஆக்ஸிலரேட்டரை மெல்லத் தொட்டு வண்டியை ஓர் அங்குலம் நகர்த்தியதும் உள்ளே பற்கள் பொருந்தி, விளக்கு மினுக்குவதை விட்டு நிலையாக எரிகிறது. அதன்பின் இரண்டு பின் சக்கரங்களும் ஒன்றாகவே சுழல்வதால், பிடிப்புள்ள சக்கரம் வண்டியை மேலே தள்ளிவிடுகிறது. எஞ்சின் உறுமுவதும் இல்லை, சக்கரம் சுழன்று பாதையைக் குடைவதும் இல்லை. வி-கிராஸில் அதே இடத்தைக் கடக்க வேண்டுமானால் பாதையை வேறு கோணத்தில் பிடிக்க வேண்டும், அல்லது பள்ளத்தில் கல் நிரப்ப வேண்டும், அல்லது டிராக்‌ஷன் கண்ட்ரோல் உள்ள வகையாக இருந்தால் சுழலும் சக்கரத்தை அது பிரேக் பிடித்து அடக்கும் வரை பொறுமையாக ஆக்ஸிலரேட்டரை மிதித்திருக்க வேண்டும். காய்ந்த பாதையில் இதனால் பெரிய இடைஞ்சல் இல்லை. ஐப்பசி மழையில் இடைஞ்சல்தான்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் தாய்லாந்திலும் எடுக்கப்பட்ட டி-மேக்ஸ் காணொளிகளைப் பார்த்துவிட்டு, இசுசுவிலும் லாக் இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். அவர்கள் காட்டுவது 2019-இல் தாய்லாந்தில் அறிமுகமான அடுத்த தலைமுறை டி-மேக்ஸ். இந்தியாவில் விற்கப்பட்டு வந்தது 2011-இல் வெளிவந்த முந்தைய தலைமுறை உடல். அதில் 2021-இல் பிஎஸ்6 புகை விதிக்கு ஏற்ற எஞ்சினைப் பொருத்திக் கொடுத்தார்கள். அந்த நாட்டு மதிப்புரைகளில் வரும் விபத்துச் சோதனை நட்சத்திரங்களையும் வசதிகளையும் இங்குள்ள வண்டிக்கு அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள். சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீசிட்டி ஆலையில் இருந்து வரும் வண்டி என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பற்று உண்டு. ஆனால் இல்லாத ஒன்றை இருப்பதாக நம்பி யாரும் வாங்கக் கூடாது.

எஞ்சினைப் பொறுத்தவரை, வி-கிராஸில் 1.9 லிட்டர் டீசல், 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, ஹைலக்ஸில் 2.8 லிட்டர், 204 குதிரைத்திறன், மேனுவலில் 420, ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர். தாளில் பெரிதாகத் தோன்றும் இந்த வேறுபாட்டை நாமக்கல்லில் இருந்து காரவள்ளி அடிவாரம் வரையிலான சமவெளியில் நீங்கள் அதிகம் உணர மாட்டீர்கள். அங்கிருந்து தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில்தான் அது தெரியும். ஒவ்வொரு வளைவிலும் வேகம் ஏறத்தாழ முழுவதும் குறைந்துவிடும்; ஐந்து பேரும் மூட்டைகளும் இருக்கும்போது வி-கிராஸ் மேனுவலில் முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையே கை ஓயாமல் வேலை செய்ய வேண்டியிருக்கும். ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக் அந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். இறங்கும்போது மட்டும் ஆட்டோமேட்டிக்கை டி-யில் விட்டுவிட்டுப் பிரேக்கையே நம்பி வராமல், கையால் தாழ்ந்த கியருக்கு மாற்றி எஞ்சினின் பிடிப்பில் இறங்க வேண்டும்.

அந்த வளைவுகளில் நீளத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஹைலக்ஸ் 5,325 மில்லிமீட்டர், வி-கிராஸ் 5,295 மில்லிமீட்டர். ஒப்பிட்டுப் பார்க்க, இன்னோவா கிரிஸ்டா 4,735 மில்லிமீட்டர்தான். இரண்டு பிக்கப்களின் சக்கர இடைவெளியும் மூன்று மீட்டருக்கு மேல், திரும்பும் ஆரம் ஆறு மீட்டருக்கு மேல். எதிரே பேருந்து வந்தால் வளைவின் வெளிப்புற ஓரத்தை எடுத்துக்கொண்டுதான் திரும்ப முடியும். நகரத்திலும் இதே கதைதான்: பள்ளி வாசலிலும் கடைவீதியிலும் நிறுத்த இடம் தேடும்போது இரண்டுமே உங்களை ஒரே அளவுக்குச் சோதிக்கும். உங்கள் வீட்டு வாகனக் கொட்டகையின் ஆழத்தை முன்பணம் கட்டும் முன் நாடா வைத்து அளந்துவிடுங்கள்.

அன்றாட வசதியில் உங்கள் தாயாரை மனத்தில் வைத்து இரண்டு செய்திகள். பிக்கப்பின் பின் இருக்கையில் முதுகுச் சாய்மானம் காரைவிட நிமிர்ந்தே இருக்கும்; பின்னால் சரக்கு இல்லாதபோது லீஃப் ஸ்பிரிங் ஒவ்வொரு வேகத்தடையிலும் எம்பும். சரக்குப் பெட்டியில் நூறு கிலோ அளவுக்கு எடை இருந்தால் அந்த எம்பல் கண்கூடாகக் குறைகிறது. ஏறுவதற்கும் உயரம் அதிகம். பக்கவாட்டுப் படியும் கைப்பிடியும் இருந்தாலும் மூட்டு வலி உள்ளவர்களுக்குச் சிரமம்தான். அவரை முன் இருக்கையில் அமர வைப்பதே நல்லது. காட்சியகத்தில் வண்டியைப் பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துச் சென்று, ஒரு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள்.

உங்கள் அலுவலகப் பயணம் பதினைந்து கிலோமீட்டர் என்பது நல்ல செய்தி. பிஎஸ்6 டீசல் வண்டிகளில் புகையில் உள்ள கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உண்டு; அது சேர்த்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள, வண்டி சீரான வேகத்தில் சற்று நேரம் ஓடி வெப்பம் ஏற வேண்டும். இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அணைத்துவிடும் பழக்கம் உள்ளவர்களுக்கு எச்சரிக்கை விளக்கு எரிவது இதனால்தான். உங்கள் வழக்கத்தில் வாரம் ஒரு முறை மலைப்பயணமும் இருப்பதால் இந்தத் தொல்லை வர வாய்ப்புக் குறைவு.

சரக்குப் பெட்டியைப் பற்றிப் பலரும் தவறாகவே கணக்கிடுகிறார்கள். இவை வெள்ளைப் பலகையில், சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கும் வண்டிகள். சரக்கு லாரிகளைப் போல டன் கணக்கில் ஏற்றுவதற்கானவை அல்ல. மொத்த அனுமதி எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதில் ஐந்து பேரின் எடையும் அடங்கும் என்பதை மறக்கக் கூடாது. விற்பனையாளரிடம் இந்த இரண்டு எண்களையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மிளகையும் காப்பியையும் மூட்டைகளாகக் கொண்டுவருவதற்குப் பெட்டியின் மேல் மூடி கட்டாயம். மலையில் வெயிலில் ஏற்றிய மூட்டை அடிவாரம் வருவதற்குள் நனைந்துவிடும். சுருட்டும் மூடி பார்க்க அழகானது, ஆனால் அதன் ஓரங்களில் நீர் கசியும். முழுக் கூண்டு மூடியே தோட்டக்காரர்களுக்கு ஏற்றது.

டயரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலைக்கென வார்க்கப்பட்ட டயர்களின் வரிகள் சேற்றில் நிமிடத்தில் அடைபட்டு வழவழப்பாகிவிடும். தார், மண் இரண்டுக்கும் ஏற்ற ஆல் டெரெய்ன் டயர்களுக்கு மாற்றினால் தார்ச்சாலையில் இரைச்சல் கொஞ்சம் கூடும், மைலேஜ் கொஞ்சம் குறையும். ஆனால் நீங்கள் செய்யக்கூடிய செலவுகளில் இதைப் போலப் பலன் தருவது வேறில்லை. அத்துடன், பன்னிரண்டு வோல்ட்டில் இயங்கும் சிறு காற்றடிப்பான் ஒன்றை வண்டியிலேயே வைத்திருந்தால், சேற்றுப் பாதைக்கு முன் காற்றைக் குறைத்து, திரும்பும்போது தார்ச்சாலை ஏறுவதற்கு முன் மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம். நல்ல டயரும் குறைந்த காற்றழுத்தமும் உள்ள வி-கிராஸ், மொட்டை டயர் போட்ட ஹைலக்ஸைவிட மேலே ஏறும்.

முன்புறத்தில் கனமான இரும்புத் தடுப்புக் கம்பி பொருத்தும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் இவற்றுக்கு எதிராக நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்கு எழுதியது. சட்டத்தைத் தாண்டியும் காரணம் உண்டு: மோதலின் விசையை உறிஞ்சி மடிய வேண்டிய பகுதியை அந்தக் கம்பி மடிய விடாது, காற்றுப்பை விரிய வேண்டிய நேரத்தையும் குழப்பும், சாலையில் நடந்து செல்பவருக்கோ அது உயிராபத்து.

பழுது பார்ப்பில் ஹைலக்ஸுக்கு ஒரு தெளிவான மேன்மை இருக்கிறது. அதன் எஞ்சின் ஃபார்ச்சூனரில் உள்ள அதே 2.8 லிட்டர்; சட்டமும் பல பாகங்களும் ஃபார்ச்சூனர், இன்னோவா கிரிஸ்டா குடும்பத்தோடு உறவுடையவை. டொயோட்டா பணிமனைகளும் தமிழ்நாட்டில் பரவலாக இருக்கின்றன. இசுசுவின் பணிமனைகள் குறைவு. சர்வீஸ் நாளுக்கு முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

விலையில், 2021 மே மாதம் வி-கிராஸ் 4×4 மேனுவல் வந்தபோது 20.98 லட்சம் ரூபாய்; 2022 மார்ச்சில் ஹைலக்ஸ் வந்தபோது தொடக்க விலையே 33.99 லட்சம். பிறகு டொயோட்டா விலையைக் குறைத்தது, இசுசு உயர்த்தியது; இடைவெளி சுருங்கியது. சாலைவரி, காப்பீடு எல்லாம் சேர்த்த இன்றைய விலையை இரண்டு இடத்திலும் வாங்கி ஒப்பிடுங்கள். வி-கிராஸில் ஒன்றைக் கவனியுங்கள்: அதில் பின் சக்கர இயக்கம் மட்டும் உள்ள 4×2 வகையும் உண்டு. தோற்றத்தில் வேறுபாடு தெரியாது, தோட்டத்தில் தெரியும். எந்த வகையில் எத்தனை காற்றுப்பை, டிராக்‌ஷன் கண்ட்ரோல் உண்டா இல்லையா என்பதும் வகைக்கும் ஆண்டுக்கும் மாறும். வாய்மொழியை நம்பாமல் அந்த வகையின் விவரத்தாளைக் கேளுங்கள்.

காட்சியகத்தைச் சுற்றி ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டுவது இந்த வண்டிகளுக்குப் போதாது. காரவள்ளியில் இருந்து முதல் பத்து வளைவுகள் வரையாவது ஏறி இறங்க அனுமதி கேளுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால், அதே வண்டி வைத்திருக்கும் தோட்டக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து, மழை பெய்த மறுநாள் அவரை உங்கள் தோட்டப் பாதைக்கே அழைத்து வாருங்கள். அவருடைய வண்டி எந்த இடத்தில் திணறுகிறது, எந்தச் சக்கரம் சும்மா சுழல்கிறது என்று கீழே இறங்கி நின்று பாருங்கள். எங்கும் சும்மா சுழலவில்லை என்றால் டிஃபரன்ஷியல் லாக்குக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. இரண்டு இடத்திலாவது சுழன்றால் ஹைலக்ஸுக்கே முன்பணம் கட்டுங்கள்.