கேள்வி – பதில்: புகைக்கூடு ஏன் இரைந்தது?

கேள்வி: மாரி தொடங்கியதிலிருந்து எங்கள் குசினிப் புகை மேலே போகாமல் வீட்டுக்குள் திரும்புகிறது. போன கிழமை இரவு புகைக்கூட்டுக்குள் ஏதோ இரைந்து, மேல்வாயால் தீப்பொறி பறந்தது. அடுப்பில் இருந்ததோ சிறு நெருப்பு. இது எதனால்?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: நீங்கள் கண்டது புகைக்கூட்டின் உள்ளே பற்றிய தீ. மேசன் ஒருவர் ஏறிப் பார்த்துச் சொல்லும்வரை அந்த அடுப்பை மூட்டவேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். அத்தகைய தீயின் சூட்டில் கல்லும் சாந்தும் வெடித்திருக்கலாம். அந்த வெடிப்பினூடாக அடுத்த தீ கூரை மரத்துக்குத் தாவும்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் ஈர விறகு. நனைந்த கட்டை எரியும்போது, நெருப்பின் சூட்டில் ஒரு பங்கு நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுவதால், புகை சூடு குறைந்து மேலேறிக் கூட்டின் உட்சுவரில் கருந்தாராகப் படிகிறது. அந்தத் தார் நன்றாக எரியக்கூடியது. வழியையும் அதுவே ஒடுக்குவதால் புகை திரும்புகிறது. மாரியில் இன்னொன்றும் சேர்கிறது: சாரலுக்குப் பயந்து கதவு யன்னல்களை எல்லாம் சாத்திவிட்டால், மேலே போகும் புகைக்கு ஈடாக உள்ளே வரக் காற்று இல்லை. சமைக்கும் நேரம் முழுவதும் ஒரு யன்னலாவது திறந்திருக்கட்டும். குளிர்ந்துபோன கூட்டை முதலில் காய்ந்த பன்னாடையோ ஓலையோ சிறிதளவு எரித்துச் சூடாக்கிவிட்டு, அதன் பிறகு விறகை வையுங்கள்.

விறகை ஐப்பசி மழை கண்டபின் தேடுவது பிந்திய வேலை. சித்திரையிலேயே பிளந்து, நிலத்தில் படாமல் கல்லின்மேல் அடுக்கி, மேலே மட்டும் தகரம் போட்டு, சோழகக் காற்று பக்கவாட்டில் புகுந்து போகும்படி விடுங்கள். பாலை போன்ற வன்மரத்துக்கு ஒரு சோழகம் போதாது, ஓராண்டாவது வேண்டும். காய்ந்த கட்டையின் வெட்டுமுகம் வெடித்திருக்கும், இரண்டைத் தட்டினால் கணீரென்று கேட்கும்.

கூட்டை ஆண்டுக்கு ஒருமுறை, மாரிக்கு முன்பே, துப்புரவாக்கவேண்டும். கரி 3 மில்லிமீற்றர் தடிப்புக்கு வந்துவிட்டால் அந்த நாள்வரை காத்திருக்கவும் கூடாது. பறவைக் கூடு அடைத்திருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து புகைக்கூடு 3 அடியாவது உயரவேண்டும். சுற்றி 10 அடிக்குள் இருக்கும் எந்தக் கூரைப் பகுதியையும்விட 2 அடி மேலே நிற்கவேண்டும். கூட்டுக்கும் கூரை மரத்துக்கும் இடையில் 2 அங்குல இடைவெளி விடுவதும், அந்த இடைவெளியைக் கிடுகாலோ சாக்காலோ அடைக்காதிருப்பதும் அவசியம்.

மறுபடி இரைச்சல் கேட்டால் எல்லோரும் வெளியேறுங்கள். கொதிக்கும் கூட்டுக்குள் தண்ணீர் ஊற்றவேண்டாம், சுவர் பிளந்துவிடும்.

கேள்வி: மார்கழிக் குளிருக்கு, மகளும் பிறந்த பேரனும் படுக்கும் அறையில் சிரட்டைக்கரித் தணல் சட்டி வைத்துக் கதவைச் சாத்தலாமா? தணலில் புகை இல்லையே?
– வாசகி, முல்லைத்தீவு

பதில்: வைக்கவே கூடாது, அம்மா. புகை இல்லாததுதான் இங்கே ஏமாற்றுகிறது. தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணைவதால், உறங்குகிறவர் விழிக்காமலே மூச்சடங்கிப் போகலாம். தலையிடி, தலைச்சுற்று, சத்தி ஆகியவை அதன் அறிகுறிகள். அப்படி ஏதும் கண்டால் உடனே தாயையும் பிள்ளையையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரச் சொல்லுங்கள். குளிருக்குத் துணிச் சுற்றும் தாயின் உடற்சூடும் போதும். பிள்ளை பெற்ற தாய் குளிக்கும் வேதுத் தண்ணீர் காய்ச்சும் நெருப்பும் முற்றத்திலேயே இருக்கட்டும்.