எஸ்ஏடி 1480: மெரிட் ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?

கேள்வி: டெக்சாஸில் ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். மகள் பதினொன்றாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். பள்ளி மதிப்பெண் சராசரியான ஜிபிஏ (வெயிட்டேஜ் இல்லாமல்) 3.9, கல்லூரிச் சேர்க்கைத் தேர்வான எஸ்ஏடியில் 1480. அதன் முன்னோட்டத் தேர்வான பிஎஸ்ஏடியில் ஆங்கிலம் 720, கணக்கு 740. வகுப்பில் முதல் 9 சதவீதத்துக்குள் இருக்கிறாள். நாங்கள் இருவருமே வேலைக்குப் போவதால் வருமானத்தைக் காட்டி உதவி கேட்க முடியாது. மெரிட் ஸ்காலர்ஷிப்புக்கும், சிறந்த மாணவர்களுக்கான ஆனர்ஸ் புரோகிராமுக்கும் அவளுக்கு வாய்ப்பு உண்டா?

பதில்: உண்டு. ஆனால் அதில் பாதி அவள் மார்க்கைப் பொறுத்தது, மீதி நீங்கள் போடும் கல்லூரிப் பட்டியலைப் பொறுத்தது. ஐவி லீக்கின் எட்டுப் பல்கலைக்கழகங்களும் எம்ஐடியும் மார்க்குக்காக ஒரு டாலர்கூடத் தருவதில்லை. குடும்ப வருமானம் பார்த்துத்தான் அங்கே உதவி. வேறெங்காவது போய்விடக்கூடிய நல்ல மாணவியைத் தன் பக்கம் இழுக்க ஒரு கல்லூரி தரும் தள்ளுபடிதான் மெரிட் ஸ்காலர்ஷிப். எங்கே அவள் வந்தால் கல்லூரிக்குப் பெருமையோ அங்கேதான் பணம் வரும்.

அது எந்தக் கல்லூரி என்று ஊகிக்க வேண்டியதில்லை. கல்லூரிகள் தங்களைப் பற்றி ஒரே வடிவத்தில் வெளியிடும் புள்ளிவிவரத் தொகுப்புக்குப் பெயர் 'காமன் டேட்டா செட்'. கல்லூரியின் பெயரோடு அதைச் சேர்த்துத் தேடினால் பெரும்பாலும் ஒரு பிடிஎஃப் கிடைக்கும். அதில் சி9 பகுதியைத் திறங்கள். எஸ்ஏடியின் 75ஆம் சதமானம் 1390 என்றிருந்தால் உங்கள் மகள் அங்கே மேல் கால்வாசியில் நிற்கிறாள். 1530 என்றிருந்தால் கூட்டத்தில் ஒருத்தி. அடுத்து ஹெச்2ஏ பகுதி. பண உதவி தேவைப்படாத முதலாண்டு மாணவர்களில் எத்தனை பேருக்கு மெரிட் கொடுத்தார்கள், சராசரி எவ்வளவு என்று அங்கே இருக்கும். 1,000 பேர் சேர்ந்த இடத்தில் 30 பேருக்கு என்றால் அது லாட்டரி. 400 பேருக்கு என்றால் நம்பிப் பட்டியலில் வைக்கலாம். தரவரிசைப் பட்டியல்களைப் பார்ப்பதைவிட இந்த இரண்டு பக்கங்கள் பயனுள்ளவை.

பிஎஸ்ஏடி மதிப்பெண்ணை வைத்து நடக்கும் தேசிய ஸ்காலர்ஷிப் போட்டியான நேஷனல் மெரிட் விஷயத்தில் கொஞ்சம் வருத்தமான கணக்கு. அதற்கான குறியீட்டெண்ணில் ஆங்கிலம் இரண்டு மடங்காக எண்ணப்படும். கடைசிப் பூஜ்யத்தை விட்டுவிட்டு, 72ஐ இரட்டித்து 74ஐக் கூட்டினால் 218. டெக்சாஸில் அரையிறுதிக்குத் தேர்வாகத் தேவையான எல்லை அண்மை ஆண்டுகளில் 219க்குக் கீழே இறங்கவில்லை. அதே மொத்தம் 1460தான், ஆங்கிலத்தில் 740, கணக்கில் 720 வாங்கியிருந்தால் 220! நம் வீடுகளில் கணக்குக்கு டியூஷன் வைப்போம், ஆங்கிலம் தானாக வரும் என்று விட்டுவிடுவோம். இளைய பிள்ளை இருந்தால் நினைவில் வையுங்கள்.

அதற்காகச் சோர வேண்டாம். அலபாமா பல்கலைக்கழகம் போன்றவை ஜிபிஏ, எஸ்ஏடி இரண்டையும் வைத்து அட்டவணையே வெளியிடுகின்றன. தகுதி இருந்தால் தொகை தானாக வரும். இப்படி அட்டவணை வெளியிடும் சில கல்லூரிகளில் கொஞ்சம் மதிப்பெண் கூடினாலே அடுத்த படிக்குப் போகலாம் என்பதால் ஆகஸ்டில் இன்னொரு முறை எஸ்ஏடி எழுதுவது வீண் இல்லை. உள்ளூரில், பள்ளி வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வருபவர்களுக்கான மாநிலச் சட்டப்படி டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் (யூடி ஆஸ்டின்) 2026 சேர்க்கையிலிருந்து அந்த வரம்பை 5 சதவீதமாக்கிவிட்டதால் அங்கே மற்றவர்களோடு போட்டியிட வேண்டும். யூடி டல்லாஸையும் பட்டியலில் சேருங்கள். வீட்டுக்குப் பக்கம் என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், ஆனால் மெரிட் தருவதில் அது கஞ்சம் பிடிக்காது.

ஆனர்ஸுக்குப் பல இடங்களில் தனி விண்ணப்பமும் தனிக் கட்டுரையும் உண்டு. மார்க் வாசல்வரை கொண்டுபோய் விடும், அதன்பின் கட்டுரைதான். பரதநாட்டிய அரங்கேற்றத்தைப் பற்றி எழுதுவதாக இருந்தால், உங்கள் ஊரிலிருந்து அப்படிப்பட்ட கட்டுரைகள் நிறையப் போகும் என்பதை அவளிடம் சொல்லுங்கள். அடவு வராமல் அழுத ஏழு வயதுச் சிறுமிக்கு அவள் சொல்லிக்கொடுத்த ஒரு சனிக்கிழமை, மேடையில் ஆடிய மூன்று மணி நேரத்தைவிட நன்றாக எடுபடும். சேர்ந்தால் சிறிய வகுப்புகள், பாடங்களை முதலில் பதிவுசெய்யும் உரிமை, பல இடங்களில் கடைசி ஆண்டு ஆய்வேடு. அந்த ஆய்வேடு அவளுக்குப் பிடிக்குமா என்றும் கேளுங்கள்.

கெடு தேதிகளில் கவனம் தேவை. ஸ்காலர்ஷிப் கெடு சேர்க்கைக் கெடுவுக்கு முன்பே, சில இடங்களில் நவம்பர் 1ஆம் தேதியே முடிந்துவிடும். கடிதம் வந்ததும் தொகைக்குக் கீழே உள்ள வரியைப் படியுங்கள். ஆண்டுதோறும் நீடிக்க 3.0 ஜிபிஏ போதுமா, 3.5 வேண்டுமா? பொறியியல் முதலாண்டில் கால்குலஸும் கெமிஸ்ட்ரியும் சேர்ந்து வரும்போது இந்த அரைப் புள்ளி பெரிய விஷயம். ஒரு செமஸ்டர் சறுக்கினால் மீண்டும் வாய்ப்புத் தருவார்களா என்று, சேரும் முடிவைச் சொல்லும் கெடுவான மே 1க்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.