அண்ணனுக்கு அந்த சேனல் சொல்லாமல் விட்டது

கேள்வி: என் அண்ணன் 28 வருடமாக ஹூஸ்டனில் இருக்கிறார். எண்ணெய் கம்பெனியில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். அமெரிக்கக் குடியுரிமை வாங்கி ஓட்டுப் போடுகிறார். எனக்கும் என் தங்கைக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். 2020 தேர்தலில் ஓட்டு மெஷினை வைத்து டிரம்ப்பைத் தோற்கடித்துவிட்டார்கள் என்று இன்னமும் சொல்கிறார். வீட்டில் நாள் முழுக்க ஃபாக்ஸ் நியூஸ்தான் ஓடுகிறது என்கிறார் அண்ணி. போன மாதம் வீடியோ காலில் என் மகன், "மாமா, கோர்ட்டே பொய்னு சொல்லியாச்சு. உங்களுக்கு மூளை மழுங்கிப்போச்சா?" என்று கேட்டுவிட்டான். அதிலிருந்து அண்ணன் எங்களோடு பேசுவதில்லை. தை மாதம் என் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் எப்படி நடத்துவது? இவ்வளவு படித்தவர் ஏன் இதை நம்புகிறார்? என் மகன் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கல்யாண விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த "இவ்வளவு படித்தவர்" என்பதை ஓரமாக வைத்துவிடலாம். படிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. யாருக்கும் எல்லாவற்றையும் நேரில் போய்ப் பார்க்க முடியாது. நம்பிக்கையான ஒருவர் சொன்னால் எடுத்துக்கொள்கிறோம். உங்கள் அண்ணனும் அப்படித்தான் ஒரு சேனலை நம்பினார். அந்த சேனல் அவரிடம் எப்படி நடந்துகொண்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

2020 நவம்பர் 3, தேர்தல் இரவு. கிழக்குக்கரை நேரப்படி 11:20 மணிக்கு அரிசோனா மாநிலம் பைடனுக்குத்தான் என்று முதலில் அறிவித்தது ஃபாக்ஸ் நியூஸ். மற்ற பெரிய சேனல்கள் பல நாள் காத்திருந்தன. அறிவிப்பு சரியாகவே இருந்தது. பைடன் அங்கே ஏறத்தாழ 10,500 ஓட்டில் ஜெயித்தார். ஆனால் ஃபாக்ஸின் நேயர்களில் பெரும்பாலோர் டிரம்ப் ஆதரவாளர்கள். அவர்கள் கொதித்துப்போனார்கள். நம் சேனலே நமக்குத் துரோகம் செய்துவிட்டது என்று நியூஸ்மேக்ஸ் என்ற இன்னொரு சேனலுக்குப் போனார்கள். டிசம்பர் 7 அன்று விளம்பரதாரர்கள் முக்கியமாகக் கருதும் 25 முதல் 54 வயதுவரையிலான நேயர்கள் கணக்கில், ஒரு மணி நேர நிகழ்ச்சியில் அந்தச் சின்ன சேனல் ஃபாக்ஸை முந்தியே விட்டது. அரிசோனா முடிவைத் திரையில் விளக்கிப் பேசிய கிறிஸ் ஸ்டைர்வால்ட்டுக்கு 2021 ஜனவரியில் அங்கே வேலை இல்லை. மறுசீரமைப்பு என்றது நிறுவனம்.

இதற்கு நடுவில்தான் டொமினியன் என்ற ஓட்டு மெஷின் நிறுவனத்தின் மேல் பழி வந்தது. டிரம்ப்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானியும், அவர் தரப்பில் வாதாடிய சிட்னி பவலும் ஃபாக்ஸில் வந்து உட்கார்ந்து, அந்த மெஷின்கள் ஓட்டை மாற்றின, வெனிசுவேலாவில் அதிபராக இருந்த சாவேஸுக்காக உருவானவை என்றெல்லாம் சொன்னார்கள். டொமினியன் கனடாவில் தொடங்கப்பட்ட கம்பெனி.

இதை ஒளிபரப்பியவர்கள் உள்ளுக்குள் என்ன நினைத்தார்கள் என்பது நமக்குத் தெரிய வந்தது அவர்களுடைய சொந்த மின்னஞ்சல்களாலும் குறுஞ்செய்திகளாலும்தான். டொமினியன் போட்ட அவதூறு வழக்கில் அவையெல்லாம் கோர்ட்டுக்கு வந்தன. சிட்னி பவல் பொய் சொல்கிறார் என்று டக்கர் கார்ல்சன் எழுதியிருக்கிறார். அந்த அம்மாவுக்குப் புத்தி சரியில்லை என்கிற மாதிரி லாரா இங்கிரகாம் எழுதியிருக்கிறார். ஒரு நொடிகூட நான் அதை நம்பவில்லை என்று ஷான் ஹானிட்டி சாட்சியமே சொல்லியிருக்கிறார். மூவருமே அப்போது ஃபாக்ஸின் மிகப் பெரிய முகங்கள். உங்கள் அண்ணன் தினமும் மாலையில் பார்த்திருக்கக்கூடிய முகங்கள்.

என்னை மிகவும் உலுக்கியது வேறொரு செய்தி. நவம்பர் 12 அன்று ஃபாக்ஸின் நிருபர் ஜாக்கி ஹெய்ன்ரிக், டொமினியன் பற்றிய டிரம்ப்பின் ட்விட்டர் பதிவு ஒன்றைச் சரிபார்த்து, எந்த மெஷினும் ஓட்டை அழித்ததற்கு ஆதாரம் இல்லை என்று தேர்தல் அதிகாரிகளே சொல்லியிருப்பதை எடுத்துப் போட்டார். ஒரு நிருபர் செய்ய வேண்டிய வேலை, அவ்வளவுதான். அவரை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லுங்கள், இது கம்பெனியைப் பாதிக்கிறது, பங்கு விலை இறங்கியிருக்கிறது என்று ஹானிட்டிக்கு எழுதினார் கார்ல்சன். மறுநாள் காலைக்குள் ஹெய்ன்ரிக்கின் அந்தப் பதிவு இல்லை. டிசம்பர் தொடக்கத்தில் இன்னொரு நிருபர் டிரம்ப்பின் பேட்டியைச் சரிபார்த்தபோது, தலைமை நிர்வாகி சூசன் ஸ்காட், இதை இப்போதே நிறுத்த வேண்டும், இது வியாபாரத்துக்குக் கெடுதல், நேயர்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள் என்று எழுதினார். அந்த நிருபர் சொன்னது தவறு என்று அவர் எங்கேயும் எழுதவில்லை.

இதைப் படித்தபோது எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. நான் வெகுகாலம் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் இருந்தவன். ஒரு கவுன்சிலர் நிவாரண அரிசியைப் பதுக்கினார் என்று ஒரு முறை போட்டோம். விசாரித்துப் பார்த்தால் பதுக்கியது அவர் இல்லை. ஐந்தாம் பக்கத்தில் மூன்று வரி வருத்தம் போட்டோம். அன்றைக்குக் காலையிலிருந்தே போன். "எதுக்கு சார் இதைப் போட்டீங்க? காசு வாங்கிட்டீங்களா?" என்று கேட்டவர்கள் எல்லாரும் எங்கள் வாசகர்கள், அந்தக் கவுன்சிலரின் கட்சியைப் பிடிக்காதவர்கள். இரண்டு மாதம் கழித்து அதே மாதிரி இன்னொரு தவறு நடந்தது. "வருத்தம் வேண்டாம், அப்படியே விட்டுடலாம்" என்றார்கள். நானும் விட்டேன். அந்த மூன்று வரியை அன்று எழுதாமல் போனது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. அதனால்தான் சொல்கிறேன்: வாசகரை ஏமாற்ற வேண்டும் என்று யாரும் திட்டம் போட வேண்டியதில்லை. வாசகர் கோபித்துக்கொள்வாரே என்று பயந்தாலே போதும்.

சரி, வழக்குக்கு வருவோம். டொமினியன் கேட்டது 160 கோடி டாலர். டெலவேர் மாநில நீதிபதி எரிக் டேவிஸ் 2023 மார்ச் 31 அன்று, டொமினியன் பற்றிச் சொல்லப்பட்ட எதுவுமே உண்மையில்லை என்பது தெள்ளத் தெளிவு என்று எழுதினார். ஏப்ரல் 18 அன்று, விசாரணை தொடங்கவிருந்த நேரத்தில், 78.75 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு ஃபாக்ஸ் சமாதானம் செய்துகொண்டது. நியூஸ்மேக்ஸும் 2025 ஆகஸ்டில் 6.7 கோடி டாலருக்குச் சமாதானமாகப் போனது.

இவ்வளவு பணம் கொடுத்த ஃபாக்ஸ், நேயர்களிடம் திரையில் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு நிபந்தனையும் இல்லை. சில கூற்றுகள் பொய் என்று கோர்ட் தீர்ப்பளித்ததை ஏற்கிறோம் என்று ஓர் அறிக்கை வந்தது. இந்த வழக்கைப் பற்றி நான் பேசக் கூடாது என்று நிறுவனம் முடிவு செய்திருக்கிறது, எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை என்று, ஃபாக்ஸில் ஊடக விமர்சன நிகழ்ச்சி நடத்திய ஹோவர்ட் கர்ட்ஸ் 2023 பிப்ரவரியில் நேயர்களிடமே சொன்னார். அப்புறம் உங்கள் அண்ணனுக்கு எங்கிருந்து தெரியும்? உங்கள் மகன் "கோர்ட்டே சொல்லியாச்சு" என்கிறான். ஃபாக்ஸை மட்டும் பார்ப்பவருக்கு அந்தத் தீர்ப்பு நடந்ததே ஒரு மூலையில் வந்துபோன செய்தி.

டேவிட் புரூக்மன், ஜோஷ்வா கல்லா என்ற இரண்டு அரசியல் ஆய்வாளர்கள் 2020 செப்டம்பரில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஃபாக்ஸை வழக்கமாகப் பார்ப்பவர்கள் சிலருக்கு மணிக்கு 15 டாலர் கொடுத்து, ஒரு மாதம் சிஎன்என் என்ற வேறு சேனலைப் பார்க்கச் சொன்னார்கள். அவர்கள் கட்சி மாறவில்லை. ஆனால் அதுவரை கேள்விப்படாத செய்திகள் அவர்களுக்குத் தெரிந்தன. சில விஷயங்களில் எண்ணமும் மாறியது. டிரம்ப் தவறு செய்தால் ஃபாக்ஸ் அதைச் சொல்லாது என்றுகூடச் சிலருக்குத் தோன்றியது. பணம் நின்றதும் பெரும்பாலும் ஃபாக்ஸுக்கே திரும்பினார்கள், மாற்றமும் கரைந்துபோனது. சேனல் சொல்வதைவிட, சொல்லாமல் விடுவது எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள்.

சொல்வதிலும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. கம்பெனியின் பெயரைச் சொன்னால் வழக்கு வரும். "நிறைய கேள்விகள் இருக்கின்றன" என்று இழுத்தால் யார் வழக்குப் போடுவது? பெயர் இல்லாத சந்தேகத்தைப் பொய் என்று நிரூபிக்கவும் முடியாது. மெஷின் இல்லையென்றால் தபால் ஓட்டு, அதுவும் இல்லையென்றால் செத்தவர்கள் ஓட்டு என்று அது இடம் மாறிக்கொண்டே இருக்கும். அரிசோனாவில் டிரம்ப்பின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த மாநில செனட்டர்களே ஏற்பாடு செய்து, மாரிகோபா கவுன்டியின் (கவுன்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) 21 லட்சம் ஓட்டுச் சீட்டுகளைத் திரும்ப எண்ண வைத்தார்கள். 2021 செப்டம்பரில் வந்த முடிவில் பைடனுக்கு 99 ஓட்டு கூடியது, டிரம்ப்புக்கு 261 குறைந்தது. அதற்குப் பிறகும் கருத்துக்கணிப்புகளில் குடியரசுக் கட்சிக்காரர்களில் பாதிக்கு மேல் பைடன் நியாயமாக ஜெயிக்கவில்லை என்றே சொல்லிவந்தார்கள்.

உங்கள் மகனுக்கும் ஒரு வார்த்தை. இது ஒரு கட்சிக்காரர்களுக்கு மட்டும் வரும் வியாதி என்று அவன் நினைக்க வேண்டாம். 2016 தேர்தலில் ரஷ்யா மின்னஞ்சல்களைத் திருடி வெளியிட்டது, சமூக ஊடகத்தில் புகுந்து வேலை செய்தது எல்லாம் உண்மை. ஓட்டு எண்ணிக்கையை மாற்றியதற்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் 2018-ல் எடுத்த யூகவ் கருத்துக்கணிப்பில், எண்ணிக்கையையே ரஷ்யா மாற்றியது என்று ஜனநாயகக் கட்சிக்காரர்களில் பாதிக்கு மேல் நம்பினார்கள். அதற்காக இரண்டையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. 2020 பொய்யை நம்பி 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே புகுந்தார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் ஓட்டு எண்ணிய சாதாரண ஊழியர்கள் கொலை மிரட்டலுக்குப் பயந்து வாழ்ந்தார்கள். ஆனால் பிடித்த செய்தியைச் சரிபார்க்காமல் விழுங்குகிற பழக்கம் மாமாவிடம் மட்டும்தான் இருக்கிறது என்று மருமகன் நினைத்தால், இருவருக்கும் இடையில் பேச்சே நடக்காது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்தப் பேச்சே வேண்டாம். பத்துப் பேர் பார்க்க எந்த அண்ணனும் பின்வாங்க மாட்டார். சேனலை நிறுத்துங்கள் என்று அண்ணியை விட்டும் சொல்ல வேண்டாம். வேலையும் இல்லாமல் ஊரும் இல்லாமல் இருப்பவருக்கு அந்தக் குரல்கள்தான் பகலெல்லாம் துணை. டிரம்ப்புக்கு ஓட்டுப் போட்டதைக் குற்றமாகவும் பேசாதீர்கள். வரி, தொழில் என்று அவருக்கு நூறு காரணம் இருக்கலாம். அது அவர் உரிமை. மெஷின் ஓட்டை மாற்றியதா என்பது மட்டும்தான் கேள்வி.

அதைக் கேட்க வேண்டியவரும் நீங்கள்தான், மகன் இல்லை. தனியாகப் போனில் பேசும்போது ஒரே ஒரு தடவை, அவரிடம் கணக்குப் படித்த தங்கையாகக் கேளுங்கள்: "அண்ணா, ஜார்ஜியாவுல 50 லட்சம் பேப்பர் ஓட்டையும் கையாலயே திரும்ப எண்ணினாங்களாமே. மெஷின் மாத்தியிருந்தா அதுல வித்தியாசம் தெரிஞ்சிருக்காதா?" அங்கே ஆட்சியில் இருந்ததும் குடியரசுக் கட்சி, எண்ணச் சொன்னதும் தேர்தலைக் கவனிக்கிற, அந்தக் கட்சியைச் சேர்ந்த மாநிலச் செயலர்தான். சில கவுன்டிகளில் எண்ணாமல் விட்டுப்போன ஓட்டுகள் அப்போது கிடைத்தன. வித்தியாசம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் பைடன் கிட்டத்தட்ட 12,000 ஓட்டில் முன்னால்தான் இருந்தார். விட்டுப்போன ஓட்டு பற்றி அவர் சொன்னால் ஆமாம் என்று ஒப்புக்கொள்ளுங்கள். மறைத்தால் நீங்களும் இன்னொரு சேனல் ஆகிவிடுவீர்கள்.

அவர் இன்னும் பேசத் தயாராக இருந்தால், சிஎன்என் சொன்னது, நியூயார்க் டைம்ஸ் எழுதியது என்று எதையும் எடுக்காதீர்கள். கார்ல்சனும் ஹானிட்டியும் என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். கேட்டதும் அவர் அமைதியாகிவிடலாம், பேச்சை மாற்றலாம், கோபப்படவும் செய்யலாம். எதுவானாலும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நான் ஏமாந்துவிட்டேன் என்று அவர் வாயால் கேட்க ஆசைப்படாதீர்கள். அது அவராக ஒரு ராத்திரி யோசித்துப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் மாறுகிற விஷயம். மாறாமலும் போகலாம்.

ஆனால் இதெல்லாம் கல்யாணம் முடிந்த பிறகு. இப்போது அழைப்பு மட்டும்தான். பத்திரிகையைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். உங்கள் கணவரும் நீங்களும் சேர்ந்து போன் செய்து, தாய்மாமன் சீருக்கு எந்த நாளில் வருகிறார், டிக்கெட் போட்டாயிற்றா என்று கேளுங்கள். வரலாமா என்று அவரை யோசிக்க விடவேண்டாம்.

உங்கள் மகன் மன்னிப்புக் கேட்க வேண்டும். தேர்தலைப் பற்றி அவன் சொன்னது சரி, அதை அவன் திரும்பப் பெற வேண்டாம். மூளை மழுங்கியது என்று சொன்னது தப்பு. அந்த ஒரு வார்த்தைக்காக, வீடியோ காலில் வேண்டாம், சாதாரணப் போனில், "மாமா, அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று சொல்லட்டும். ஹூஸ்டனில் காலை நேரம் பார்த்து, இந்த வாரமே பேசச் சொல்லுங்கள்.