மூன்று சென்டர் பேக் இருந்தால் மூவர் பின்வரிசைக்கு மாறிவிடலாமா?

நீங்கள் கேட்டது இது: கிருஷ்ணகிரியில் உங்கள் கால்பந்து அணி இதுவரை நால்வர் பின்வரிசையோடு ஆடிவந்தது. புதிய பயிற்சியாளர் மூன்று சென்டர் பேக் (கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் தடுப்பாளர்), இரண்டு ஓரங்களிலும் விங் பேக் (ஓரம் முழுக்க ஏறித் தாக்கி, இறங்கித் தடுப்பவர்) என்று மாறச் சொல்கிறார். உயரமான சென்டர் பேக் மூவர் கையில் இருப்பதால், ஆட்கள் பொருந்துவார்கள்தானே என்கிறீர்கள்.

தர்மபுரியில் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்போதைய ஆட்களை வைத்துக்கொண்டு மாறாதீர்கள். இந்த வியூகத்தின் உயிர் நடுவில் நிற்கும் மூவரிடம் இல்லை, ஓரத்தில் ஓடும் இருவரிடம் இருக்கிறது. உங்கள் கேள்வியில் அவர்களைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. இடப்பக்கம் ஆடுபவர் வலக்காலர், வலப்பக்கம் ஆடுபவர் ஓசூரில் ஷிப்ட் வேலை பார்ப்பதால் பயிற்சிக்கு ஒழுங்காக வர முடிவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியே போதுமானதாக இருந்தது.

முழு அளவு மைதானத்தின் அகலம் வழக்கமாக 68 மீட்டர். நான்கு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு 17 மீட்டர். மூவர் என்றால் ஏறக்குறைய 23 மீட்டர். அந்தக் கூடுதல் தூரத்தை விங் பேக் வந்து அடைக்க வேண்டும். அவர் தாக்குதலுக்கு ஏறிப்போய்த் திரும்பி வராவிட்டால், ஓரத்து சென்டர் பேக் கோட்டோரம் வரை இழுபடுவார், நடுவில் வாசல் திறந்துவிடும். ஏறவே மறுத்தாலோ பின்னால் ஐந்து பேர் முடங்கிப்போவார்கள், பந்தைப் பிடித்தாலும் முன்னால் கொடுக்க ஆள் இருக்காது.

இங்கிலாந்தின் செல்சி கிளப் 2016இல் மாறியதை எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள். செப்டம்பரில் ஆர்சனலிடம் 3-0 என்று தோற்றபின் பயிற்சியாளர் அந்தோனியோ கோன்டே மூவர் பின்வரிசைக்குப் போனார். அடுத்து லீக்கில் தொடர்ந்து 13 வெற்றிகள், முடிவில் 93 புள்ளிகளுடன் பட்டம். ஆனால் அவர் கையில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். வலப்பக்கம் விக்டர் மோசஸ், விங்கராக, அதாவது ஓரத்தில் தாக்குபவராக, வளர்ந்தவர். அதற்கு முந்தைய மூன்று பருவங்களும் மற்ற கிளப்புகளுக்குக் கடனாகப் போய் ஆடியவர், மேலும் கீழும் ஓடச் சளைக்காதவர். இடப்பக்கம் இடக்காலர் மார்கோஸ் அலோன்சோ, அந்த ஆகஸ்டில்தான் வாங்கப்பட்டவர். ஆஸ்பிலிகுவேட்டா ஃபுல் பேக்காக, அதாவது நால்வர் வரிசையின் ஓரத் தடுப்பாளராக, ஆடிப் பழகியவர் என்பதால், மூவரில் வலது ஓரத்தில் நின்றபோது கோட்டோரம் போய் ஆளை மறிப்பது அவருக்குப் புதிதல்ல. அந்தப் பருவத்தின் லீக் ஆட்டங்களில் ஒரு நிமிடம்கூட அவர் வெளியே உட்காரவில்லை. அவர்களுக்கு முன்னால் நடுக்களத்தில் என்கோலோ கான்டே என்ற வீரர். ஆட்கள் ஏற்கனவே இருந்தார்கள், கோன்டே அவர்களைச் சரியான இடத்தில் நிறுத்தினார்.

மான்செஸ்டர் யுனைடெட்டில் நடந்தது இதற்கு நேர்மாறானது. ஸ்போர்ட்டிங் அணிக்கு இதே வியூகத்தில் போர்ச்சுகல் பட்டங்களை வென்று தந்த ரூபன் அமோரிம், 2024 நவம்பரில், பருவத்தின் நடுவே, அங்கே பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். இடப்பக்கத்து இடக்காலர்கள் காயத்தில் இருந்ததால் வலக்காலரான டாலோ பல ஆட்டங்களில் அங்கே நின்றார். பந்து கிடைத்ததும் அவர் வலக்காலுக்கு மாற்றுவார், அதற்குள் எதிரணி திரும்பி வந்து நின்றுவிடும். பிப்ரவரியில் டோர்கு என்ற இடக்காலரை வாங்கிப் பார்த்தார்கள். அப்போதும் 42 புள்ளிகளோடு 15ஆம் இடம்தான். பணம் கொழிக்கும் கிளப்புக்கே அந்தக் கதி. நம் அணிகளால் யாரையும் வாங்க முடியாது. இருக்கும் பையன்களுக்கு ஏற்பத்தான் வியூகத்தை வகுக்க வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு, எனக்கு அதுதான் பெரிய கவலை. நம் பையன்களில் பலர் எழுவர் ஆட்டத்தில் வளர்ந்தவர்கள். அங்கே பெரும்பாலும் ஆஃப்சைடு (எதிரணியின் பின்வரிசையைத் தாண்டி நின்று பந்தை வாங்கக்கூடாது என்ற விதி) பார்ப்பதில்லை. ஆளைப் பிடித்து, ஆளோடு ஓடியே பழகியவர்களுக்கு, மூவரும் ஒரே கோட்டில் நின்று ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவது வராது. ஒருவர் இரண்டடி பின்தங்கினால் எதிரணி முன்கள வீரர் ஆஃப்சைடில் இல்லாமல் உள்ளே வந்துவிடுவார். அதோடு நம் கட்டாந்தரையில் பந்து குத்தி எழும்பும் உயரத்தை எண்ணிப் பாருங்கள். பின்வரிசையைத் தாண்டி விழுந்த பந்தைத் திரும்பி ஓடி எடுக்க வேகம் வேண்டும். உங்கள் மூவரில் ஒருவர் மெதுவானவர் என்கிறீர்கள். அங்கே உயரம் உதவாது.

விங்கரை விங் பேக் ஆக்குவதும் சுலபமல்ல. பந்து எதிர் ஓரத்தில் இருக்கும்போது அந்தப் பையனைக் கவனியுங்கள். முழு உடம்பும் பந்தை நோக்கியே இருக்கும், தோளுக்குப் பின்னால் ஆள் நழுவுவது தெரியாது. ஒரு காலைப் பின்வைத்து, உடலைப் பக்கவாட்டில் திருப்பி, பந்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்க்கச் சொல்லித்தர வேண்டும். அது பழக்கமாக ஒரு பருவமே ஆகலாம். பயிற்சிக்கே வர முடியாதவருக்கு எப்படிச் சொல்லித்தருவீர்கள்? அவர் மேல் குற்றமில்லை, இரவு ஷிப்ட் முடித்து வந்து மைதானத்தில் நிற்பதே பெரிது.

பயிற்சியாளரின் நோக்கம் நடுப்பகுதியை அடைப்பதுதான் என்றால் வேறு வழி உண்டு. நால்வரை அப்படியே வைத்துக்கொண்டு, நடுக்களத்தில் பொறுமையான ஒருவரைத் தடுப்புக்கென்றே நிறுத்துங்கள். பந்து நம்மிடம் இருக்கும்போது மட்டும் அவர் இரண்டு சென்டர் பேக்குகளுக்கு நடுவே இறங்கட்டும். ஃபுல் பேக்குகளில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் ஏறட்டும். மூன்றாவது உயரமானவரைக் கடைசிக் கால் மணி நேரத்தில், முன்னிலையைக் காக்க வேண்டியபோது, இறக்கலாம்.

அப்படியும் பயிற்சியாளர் மூவரே வேண்டும் என்றால், போட்டிக்கு முன் ஒரு பயிற்சி ஆட்டம் வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் கோலை எண்ண வேண்டாம். பந்து நம்மிடமிருந்து பறிபோகும் ஒவ்வொரு முறையும் இரண்டு விங் பேக்குகளும் எங்கே நிற்கிறார்கள், எதிரணி நம் பெட்டியை அடையும்முன் திரும்பிவிடுகிறார்களா என்று மட்டும் குறித்துவையுங்கள். இரண்டாம் பாதியில், கால் சோர்ந்தபின், எழுதும் குறிப்பை அவரிடம் காட்டுங்கள்.