பேர்மியன், திரயாசிக் என்ற இரு புவியியல் காலங்களுக்கு இடையிலான எல்லையைச் சுண்ணாம்புக்கல்லில் எப்படிக் கண்டுபிடிப்பது? திருகோணமலையில் முடியுமா?

திருகோணமலையில் முடியாது. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை, பேர்மியனுக்கு மிக முந்திய பிரீகேம்பிரியன் காலத்து உருமாறிய பாறை; அதில் உயிர்ச்சுவடு கிடைக்காது. யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்லோ மயோசீன் காலத்தது, மிகவும் இளையது.

உலக அளவுகோல் சீனாவின் மெய்ஷானில் இருக்கிறது. அங்கே 27சி என எண்ணிட்ட பாறைப் படுக்கையின் அடியில் ஹிண்டியோடஸ் பார்வஸ் என்ற கொனொடொன்ட் (அழிந்துபோன கடல் விலங்கின் பல் போன்ற நுண் உயிர்ச்சுவடு) முதன்முதலாகத் தோன்றுகிறது. எல்லை அதுதான், வயது ஏறத்தாழ 25.19 கோடி ஆண்டுகள். 25, 28 ஆம் படுக்கைகள் எரிமலைச் சாம்பல் என்பது பெரிய வாய்ப்பு: அவற்றின் சேர்க்கோன் படிகங்களில் யுரேனியம்–ஈயம் அளந்து வயதை இருபுறமும் இறுக்கிப் பிடிக்கலாம்.

மாதிரியைக் கீழிருந்து மேலாக எடுங்கள். எல்லையருகே சில சென்ரிமீற்றருக்கு ஒன்று. கல்லைப் பெயர்க்கும் முன்பே மேல்பக்கத்தை அம்புக்குறியால் குறியுங்கள். கொனொடொன்டுக்குச் சில கிலோ கல்லை நொறுக்கி, சுமார் 10% அசற்றிக் அமிலத்தில் ஊறவிட்டு, அடிமண்டியை நுண்ணிய அரிதட்டில் கழுவுங்கள். ஐதரோகுளோரிக் அமிலம் வேண்டவே வேண்டாம். கொனொடொன்ட் பொஸ்பேற்றாலானது, கல்லோடு சேர்ந்து கரைந்துவிடும்.

காபன் சமதானிகளை (நிறை வேறுபட்ட காபன் அணுக்களை) அளக்கப் புதிதாக உடைத்த முகத்தில் துளையிடுங்கள்; வெள்ளைக் கல்சைற்று நரம்புகளைத் தவிருங்கள். எல்லையை ஒட்டிக் காபன்-13 இன் பங்கு உண்மையாகவே சரிகிறது. மழைநீர் ஊறி மாறிய கல்லும் அதே சரிவைக் காட்டும், பலர் ஏமாறுவது இங்கேதான். ஒட்சிசன்-18 உம் கூடவே விழுந்தால் அந்த மாதிரியைச் சந்தேகியுங்கள்.